இனிஷியல் இல்லாத பென்சில்

பென்ஷன் நிற்காமல் வர, நான் இன்னும் சாகவில்லை என்று வருடத்துக்கு ஒரு முறை ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்காகப் போன மாதம், ஏற்காட்டில் நான் வேலை பார்த்த பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். சாலை போடுகிற ஆபீஸ் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், துறையின் பெயர் வேண்டாம். என் டிராயிங் மேஜை இருந்த இடத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். அங்கே உட்கார்ந்திருந்த புது இன்ஜினியர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தாராம். அங்கே கொடுத்த படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

"ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுங்க மேடம். யாருக்கு யாரு பொறுப்புன்னு இதுல தெளிவா வந்துருமுங்க. உங்க காலத்துல இதெல்லாம் எப்படிங்க பண்ணீங்க? ஒரு நாள் வந்து எங்களுக்குப் பேசுங்களேன்."

படத்தைப் பார்த்தேன். மேலே ஒரு கட்டம், அதற்குக் கீழே மூன்று, அதற்கும் கீழே ஒரு வரிசை. கட்டத்துக்குக் கட்டம் கோடு. எல்லாக் கோட்டிலும் அம்பின் முனை கீழே பார்த்துத்தான் இருந்தது. வாழ்நாளெல்லாம் கோடு போட்டவள் கண்ணில் அது சட்டென்று பட்டுவிட்டது.

"எனக்குப் பேசல்லாம் வராது கண்ணு. முட்டி வலி வேற" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்த பிறகு மனசு கேட்கவில்லை. பேச வராதே தவிர எழுத வரும். அவர் கேட்டதற்கு இதுதான் பதில்.

என் அப்பா ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், சேலத்தில் இரண்டு வருடம் டிராயிங் கற்றேன், எழுபதுகளின் தொடக்கத்தில் டிரேசர் வேலைக்கு வந்து சேர்ந்தேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். டிரேசர் என்றால், சர்வே ஆட்கள் மலையில் அளந்து பென்சிலில் போட்டுக் கொண்டுவரும் தாளின் மேல் மெழுகுத் துணி மாதிரியான டிரேசிங் துணியை விரித்து, மையால் பிசகாமல் நகல் எடுப்பவள். துணியை இழுத்து ஊசி குத்த வேண்டும், சாக்பொடி தூவித் துடைக்க வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு கோடு இழுக்க வேண்டும். ஏற்காட்டு மழைக்காலத்தில் துணி ஈரத்தை வாங்கி உப்பிக்கொள்ளும். ஒரு வளைவு கெட்டால் பிளேடால் சுரண்டி மறுபடி முதலிலிருந்து.

எங்கள் அறையில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஹெட் டிராப்ட்ஸ்மேன் சபாபதி சார் சொல்லிவிட்டார். தாளில் யாராவது பென்சிலில் ஏதாவது குறித்திருந்தால், பக்கத்தில் இனிஷியல் இருக்கிறதா என்று பார். இருந்தால் மையில் ஏற்று. இல்லாவிட்டால் ரப்பரை எடு. "இனிஷியல் இல்லாத பென்சில் அழுக்கும்மா. அழுக்கோட தாள் மேல போகக் கூடாது" என்பார். இனிஷியல் போடுகிற உரிமை சர்வேயரிலிருந்து மேலே இருப்பவர்களுக்குத்தான். நானும் ஆறேழு வருடம் சலிக்காமல் அழுக்கெடுத்தேன். என் தாள் சுத்தமாக இருக்கும் என்று பெயரே வாங்கினேன்.

ஆபீசின் தலைவரை நாங்கள் பெரியவர் என்போம். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. யாரையும் உட்காரச் சொன்னதும் இல்லை. நாம் சொல்ல வந்ததை முழுக்கக் கேட்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், "குறிப்பு எழுதிக் குடுங்க, பாக்கறேன்" என்பார். 'முடியாது' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவர் மேஜையில் இரண்டு அடுக்கு. வலது பக்கம் வைத்த காகிதம் அன்று சாயங்காலமே சேலத்துக்குப் போய்விடும். இடது பக்கம் வைத்தது அங்கேயே கிடக்கும். மாதக் கடைசியில் பியூன் அந்த அடுக்கை அள்ளிக்கொண்டு வந்து அவரவர் மேஜையில் போட்டுவிட்டுப் போவார். மேலே ஓர் எழுத்துகூட இருக்காது. நாங்களும் ஏன் என்று கேட்க மாட்டோம், கிழித்துக் கூடையில் போட்டுவிடுவோம். இது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

அளப்பவர்களும் கட்டுபவர்களும் ஏற்காட்டில். சரிபார்ப்பவர்கள் சேலத்தில். சாலையை வடிவமைப்பவர்கள் மெட்ராஸில். இங்கிருந்து மெட்ராஸுக்கு நேராக ஒரு வரி எழுதக் கூடாது. 'தக்க வழியில்' சேலம் போய், அங்கே நான்கு கையெழுத்து வாங்கி, அப்புறம் மெட்ராஸ். பதிலும் அதே வழியில் இறங்கி வரும். மெட்ராஸில் என் படத்தைப் பார்த்து டிசைன் போட்டவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாரமங்கலத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே அப்போது ரோடு கிடையாது. உடம்பு முடியாதவர்களைப் போர்வையில் தூளி கட்டிக் கம்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரோடு வருகிறது என்றதும் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் காப்பிச் செடியைத் தாங்களே வெட்டி இடம் விட்டார்கள்.

சர்வே நடந்தது பங்குனி வெயிலில். அளவுச் சங்கிலியான செயினைப் பிடித்தவர் சின்னராசு, அதே ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சர்வே தாள் என் மேஜைக்கு வந்தபோது மூன்றாவது வளைவில் பென்சிலில் ஒரு வட்டம் இருந்தது. உள்ளே கோணல் எழுத்தில் 'கார்த்திகை தண்ணி' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இனிஷியல் இல்லை. படித்தேன். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. ரப்பரை எடுத்து அழித்தேன், தூளை ஊதிவிட்டேன், வேலையைப் பார்த்தேன்.

ஒரு வருடம் கழித்து டிசைன் இறங்கி வந்தது. மூன்றாவது வளைவில் தண்ணீர் போக வழி எதுவும் இல்லை. இருக்கிற தாளைப் பார்த்துத்தானே போடுவார்கள்? வேலை ஆரம்பித்தது. சின்னராசுவை அதே ரோட்டுக்கு ஒர்க் இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள். பெயர்தான் இன்ஸ்பெக்டர். கூலி ஆட்களை மேய்க்கிற, நிரந்தரம் இல்லாத வேலை. ஆனால் அந்த ஊரில் சர்க்கார் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்.

ஒரு நாள் மத்தியானம் காலில் செம்மண்ணோடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்கம்மா, அந்த மூணாவது வளைவுல நானு ஒரு வட்டம் போட்டு வச்சிருந்தனுங்களே, அது எங்கீங்க?"

"பென்சில்ல இருந்ததா? அதை அழிச்சுட்டேனே சின்னராசு."

"அழிச்சுப்போட்டீங்களா?" நம்ப முடியாமல் கேட்டார். "கார்த்தியில அங்க தண்ணி வருமுங்க. மேல பாறைக்குள்ள பூந்து, அந்த எடத்துல பொத்துக்கிட்டு வருமுங்க. நொம்ப வேகமா வருமுங்க. வெயில் காலத்துல பாத்தா ஒண்ணுந் தெரியாதுங்க."

"சர்வேயர்கிட்ட சொல்லலீங்களா?"

"சொன்னனுங்க. கருவியில தெரியறதத்தான் எழுத முடியும்னு சொல்லிப்போட்டாருங்க. சரி, வரையற அம்மா எப்படியும் படிச்சுப் பாப்பாங்கன்னுதான் நானே எழுதி வச்சனுங்க."

எனக்காக எழுதியிருக்கிறார். அந்த ஆபீஸ் முழுக்கத் தேடி, படிப்பாள் என்று அவர் நம்பியது என்னை.

சபாபதி சாரிடம் சொன்னேன். "எதிர்ல நின்னு பேசிடாதம்மா, நான் பேசறேன்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு பெரியவர் அறைக்குப் போனார். பெரியவர் முழுக்கக் கேட்டார்.

"டிராயிங்கில் இருக்கிறதா?"

"இல்லீங்க சார்."

"சர்வே தாளில்?"

"இருந்ததுங்க சார்" என்றேன் நான். "பென்சில்ல. இனிஷியல் இல்லை."

"அப்படியென்றால் இல்லை என்றுதானே அர்த்தம்?" நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்போது மாற்றவேண்டும் என்றால் சேலம் வழியாக மெட்ராஸ் போகவேண்டும். திரும்பி வர ஒரு வருஷம். அதற்குள் இந்த ரோட்டுக்குப் பணம் ஒதுக்கின சாங்ஷன் போய்விடும். ரோடே வராது. அந்த ஊருக்கு யார் பதில் சொல்வது, நீங்களா அம்மா?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். "குறிப்பு எழுதிக் குடுங்க, பாக்கறேன்" என்றார். சபாபதி சார் எழுதிக் கொடுத்தார். அது இடது பக்கம் போனது. மாதக் கடைசியில் பியூன் கொண்டுவந்து போட்டார், சார் கிழித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படித்தான் எங்கள் ஆபீஸில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்தும் யாருக்கும் தெரியாமல் போகும்.

வைகாசியில் ரோடு முடிந்தது. பஸ் விட்டார்கள். முதல் பஸ்ஸுக்கு மாலை போட்டு, ஊரே ஏறி உட்கார்ந்துகொண்டு ஏற்காடு வரைக்கும் வந்தது. கார்த்திகை பிறந்து நாலாம் நாள் மூன்றாவது வளைவு போய்விட்டது. ரோட்டுக்குப் போட்ட மண் கரை அப்படியே சரிந்து இறங்கி, கீழே ஒருவருடைய காட்டையும் இரண்டு மாடுகளையும் மூடியது. மனுஷர் யாருக்கும் ஒன்றும் இல்லை, கர்த்தர் காப்பாற்றினார். பஸ் நின்றது. மறுபடியும் தூளி.

விசாரணை வந்தது. மெட்ராஸ் சொன்னது: தாளில் உள்ளபடி டிசைன் போட்டோம். சர்வேயர் சொன்னார்: கருவியில் தெரிந்ததை எழுதினேன். சைட் பார்த்த ஆபீசர் சொன்னார்: டிராயிங்படி கட்டினேன். எல்லாருடைய இனிஷியலும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. அந்த ரோட்டில் இனிஷியல் இல்லாத ஆள் ஒருவர்தான். உள்ளூர்க்காரராக இருந்தும் நீர்வழி இருப்பதை மேலிடத்துக்குத் தெரிவிக்கத் தவறினார் என்று சின்னராசு மேல் குற்றச்சாட்டு எழுதினார்கள்.

எனக்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. நான்கு கேள்விகள். மூன்றாவது கேள்வி: வரைவுப் பிரிவுக்கு வந்த சர்வே தாளில் இனிஷியலுடன் கூடிய திருத்தம் அல்லது குறிப்பு ஏதேனும் இருந்ததா?

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அப்போது என் வேலையும் நிரந்தரம் ஆகவில்லை. அந்த மாதப் பட்டியலில் என் பெயர் இருந்தது. வீட்டுக்காரர் படுத்த படுக்கை, இரண்டு பெண் பிள்ளைகள். சபாபதி சார் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதும்மா. கேக்காததுக்கும் சேத்து எழுதினா உன் பேர்லயும் ஒரு பைல் தொறப்பாங்க. உனக்கும் குடும்பம் இருக்கு."

'இல்லை' என்று எழுதினேன். பொய் இல்லை. இனிஷியலோடு எதுவும் இருக்கவில்லைதான். கீழே என் பெயரைப் போட்டு, மை காயும் வரைக்கும் ஊதினேன்.

சின்னராசுவை ஒற்றை வரி உத்தரவில் நிறுத்தினார்கள். டேப்பையும் சிவப்புக் கொடியையும் ஒப்படைக்க வந்தவர் எங்கள் அறை வாசலில் நின்றார். "வர்றனுங்கம்மா" என்றார். நான் துணியில் குனிந்தபடியே "ம்" என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வாரம் என் வேலை நிரந்தரம் ஆனது. சர்ச்சில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். ஆராதனை முழுக்க எனக்குத் தலை வலித்தது.

ஒன்பது வருடம் போனது. பெரியவர் ஓய்வு பெற்றார், சபாபதி சாரும் ஓய்வு பெற்றார், நான் ஹெட் டிராப்ட்ஸ்மேன் ஆனேன். பஸ் அந்த வளைவு வரைக்கும் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஜனங்கள் அங்கே இறங்கி மிச்சத்தை நடந்தார்கள். அப்புறம் யாருக்கோ ஞாபகம் வந்து, ரோட்டைப் புதுப்பிக்கப் புது டிசைன் இறங்கி வந்தது. மூன்றாவது வளைவில் இந்தத் தடவை ஒரு குழாய் இருந்தது, இரண்டடிக் குழாய். ஏழுக்கு நடுவில் அதே சின்னக் கோடு.

அந்தப் பைலுக்கு அடியில் பழைய விசாரணைப் பைலைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். திறக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. திறந்தேன். சின்னராசுவின் வாக்குமூலம் இருந்தது, அதே கோணல் எழுத்தில் கையெழுத்தோடு. 'நீர்வழியைப் பற்றி யாரிடமாவது தெரிவித்தீரா?' என்று கேட்டிருக்கிறார்கள். 'சொன்னேன். தாளிலும் எழுதினேன். யாரிடம் சொன்னேன், யார் அழித்தார்கள் என்று ஞாபகம் இல்லை.'

ஞாபகம் இல்லையாம். செம்மண் காலோடு வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போன மனுஷனுக்கு ஞாபகம் இல்லையாம். என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம். நான் அந்த மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். பியூன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் டிசைன் நகலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சின்னராசு கொட்டச்சேடு பக்கம் ஓர் எஸ்டேட்டில் நிழல்மரங்களின் கிளை கழிக்கிற கவாத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் "வாங்கம்மா, ஊட்டுக்குள்ள வாங்க" என்றாரே தவிர, ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. படத்தை விரித்துக் காட்டினேன்.

"ரெண்டடி பத்தாதுங்க. அந்தத் தண்ணி சருகையும் சில்வர் ஓக் எலையையும் சேத்து அடிச்சுக்கிட்டு வருமுங்க. ஒரே மழையில அடைச்சுக்குமுங்க. ஆளு குனிஞ்சு உள்ள போயி வார்ற மாதிரி வேணுமுங்க."

பேனாவை நீட்டினேன். "நீங்களே எழுதுங்க. மையில எழுதுங்க. கீழ பேரும் போடுங்க." எழுதினார். அதற்குக் கீழே நான் என் இனிஷியலைப் போட்டேன். ஹெட் டிராப்ட்ஸ்மேனுக்கு அந்த உரிமை உண்டு.

வீட்டுக்கு வந்து இன்னொரு தாள் எடுத்தேன். நாலே வரி. 'மூன்றாவது வளைவில் நீர்வழி குறித்துச் சின்னராசு சர்வே தாளில் எழுதியிருந்தார். அதை அழித்தவள் நான். விசாரணையில் நான் அதைத் தெரிவிக்கவில்லை. அவர் மேல் குற்றம் இல்லை.'

புது அதிகாரி நன்றாகப் பேசுவார். "நாமெல்லாம் ஒரே டீம்" என்பார், உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார். இரண்டு தாளையும் வாங்கிப் படித்துவிட்டு "நல்லா பண்ணியிருக்கீங்க மேடம், நான் பாக்கறேன்" என்று இடது பக்கம் வைத்தார். ஆள் மாறினாலும் மேஜை மாறவில்லை. நான் எழுந்து நின்றேன். வெளியே போகவில்லை. "வேற ஏதாவது உண்டா மேடம்?" என்றார். "இல்லீங்க சார். அந்தக் காகிதம் இருக்கிற பக்கம் மாறட்டும், போயிடறேன்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. போன் பேசினார், பைல் பார்த்தார், யார் யாரோ வந்து போனார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் 'அட, என்னங்க மேடம்' என்று சலித்துக்கொண்டே வலது பக்கம் எடுத்து வைத்தார். இன்ஜினியர் தம்பி, என் சர்வீஸ் முழுக்க நான் பண்ணிய ஒரே ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் அந்த ஒரு மணி நேரம்தான்.

சேலம் போய், மெட்ராஸ் போய், இறங்கி வந்தது. குழாய் மாறி, ஆள் குனிந்து போகிற அளவுக்குப் பாலம் வந்தது. என் நாலு வரிக்கும் பதில் வந்தது. 'காலங்கடந்துவிட்டபடியால் மேல்நடவடிக்கை தேவையில்லை. பைலில் சேர்க்கவும்.' என்னைத் திட்டக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

பாலம் கட்டி முடிந்து ஒரு கார்த்திகை தாங்கிய பிறகு, அந்த நாலு வரியின் நகலை எடுத்துக்கொண்டு சின்னராசு வீட்டுக்குப் போனேன். அவர் எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தார். அடுப்படியில் இருந்த அவர் மனைவி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு ஊருக்குள்ள வருதுங்கம்மா. அது போதுமுங்க" என்று தாளை மடித்தார் சின்னராசு.

"ஏனுங்க" என்று அவர் மனைவி என்னைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "மொத்தமே நாலு வரிதானுங்களே. இத அன்னைக்கே எழுதியிருக்கலாமுங்கல்ல?"

"கம்முனு இரு புள்ள. அவங்க அத்தன தூரம் நம்மளத் தேடி வந்திருக்கறாங்க. காப்பி வையி."

காப்பி வந்தது. வெல்லம் போட்ட காப்பி. குடிக்காமல் எழுந்து வருவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, குடித்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியே காலத்தைத் தள்ளியவள் நான். அன்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.